அருங்காட்சியகங்களில் இணையத்தள வடிவமைப்புப் பணிகள்: தகைமையுள்ளோர் அறிந்திருக்க வேண்டியவை

கணினித்துறையில் பட்டமோ சான்றிதழோ பெற்று இலண்டனில் குடியேறிய தமிழர் பலர், வேலை தேடும்போது முதற்கண் வங்கிகளையும் தொலைத்தொடர்பு நிறுவனங்களையுமே நாடுகின்றனர். அங்கு இடம் கிடைக்காதபோது கடைகளிலும் எரிபொருள் நிலையங்களிலும் பணியாற்றத் தொடங்கி, சில ஆண்டுகளில் கற்றதும் கைவிட்டுப் போகும் நிலைக்கு ஆளாகின்றனர். அருங்காட்சியகங்கள், நூலகங்கள், ஆவணக் காப்பகங்கள், கலைக்கூடங்கள் ஆகியனவும் இணையத்தள வடிவமைப்பாளர்களையும் நிரலாளர்களையும் நியமிக்கின்றன என்பது நமது சமூகத்தில் போதிய அளவு அறியப்படவில்லை. அப்பணிகளின் தன்மை, விண்ணப்பிக்கும் முறை, ஒப்பந்தத்தில் கவனிக்க வேண்டியவை, சட்டம் அளிக்கும் பாதுகாப்பு ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. இங்கு கூறப்படும் சட்ட விபரங்கள் இங்கிலாந்துக்கு உரியவை.

அருங்காட்சியகத்துக்கு நிரலாளர் எதற்கு?

அருங்காட்சியகம் ஒன்றின் பொருள்களுள் மிகப் பெரும்பாலானவை பார்வைக்கு வைக்கப்படுவதில்லை, களஞ்சியங்களிலேயே இருக்கின்றன. அவற்றைப் பொதுமக்கள் அறிவதற்குரிய முதன்மையான வழி இணையத்தளமாகும். பிரித்தானிய அருங்காட்சியகத்தின் இணையத்தளத்தில் 45 இலட்சத்துக்கு மேற்பட்ட பொருள்கள் பற்றிய விபரங்களைத் தேடிப் பார்க்கலாம். எனினும் முழுத் தொகுப்பும் அதில் இடம்பெறவில்லை. 2023 ஆகஸ்ட் மாதத்தில், அங்கிருந்த ஏறத்தாழ 2,000 பொருள்கள் காணாமற்போயோ, களவாடப்பட்டோ, சேதமுற்றோ இருப்பது வெளிவந்தது. உரிய பதிவு இல்லாத பொருள் மறைந்தாலும் அதனைக் கண்டறிவது கடினம் என்ற உண்மையை அச்சம்பவம் உணர்த்தியது. அதன்பின் அவ்வாண்டு ஒக்டோபர் மாதத்தில், சுமார் 24 இலட்சம் பதிவுகளை ஐந்து ஆண்டுகளுக்குள் இணையத்தில் ஏற்றவோ செம்மைப்படுத்தவோ அந்நிறுவனம் திட்டம் அறிவித்தது. இவ்வாறான பணிக்குத் தரவுத்தளம் அறிந்தோரும் இணையப்பக்கம் அமைப்போரும் இன்றியமையாதோர்.

2023 ஒக்டோபர் இறுதியில் பிரித்தானிய நூலகம் இணையத் தாக்குதலுக்கு உள்ளானது. அதன் நூற்பட்டியல் பல வாரங்கள் இயங்கவில்லை. 2024 ஜனவரி நடுப்பகுதியிலேயே, அதுவும் குறைந்த வசதிகளுடன், மீண்டும் கிடைத்தது. காலங்கடந்த பழைய கணினி முறைமைகள் மீட்புப் பணியைத் தாமதப்படுத்தின என்பதை நூலகம் தனது அறிக்கையில் வெளிப்படையாகக் கூறியது. இதன் பின்னர், பழைய முறைமைகளைப் புதுப்பிக்கும் தேவை பண்பாட்டு நிறுவனங்களின் கவனத்துக்கு வந்துள்ளது.

2025 மே 31ஆம் திகதி கிழக்கு இலண்டனில், ஒலிம்பிக் பூங்காவின் அருகே, விக்டோரியா அன்ட் அல்பேர்ட் அருங்காட்சியகத்தின் புதிய களஞ்சியம் திறக்கப்பட்டது. களஞ்சியத்தில் உள்ள பொருளை இணையத்தளம் வாயிலாகத் தெரிவுசெய்து, நாள் குறித்து, நேரிற் சென்று பார்க்கும் வசதி அங்குண்டு. பொருட்பதிவு, முற்பதிவு முறை, பயனர் பக்கம் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பிழையின்றி இணைந்தாலன்றி இத்தகைய சேவை நடைபெறாது.

பணிகளின் வகைகள்

விளம்பரங்களில் காணப்படும் பதவிப் பெயர்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபடினும், அவற்றைப் பின்வருமாறு பிரித்தறியலாம்.

பயனர் அனுபவ வடிவமைப்பாளர்: இணையத்தளத்தைப் பயன்படுத்துவோர் எதைத் தேடுகின்றனர், எங்கே தடுமாறுகின்றனர் என்பதை ஆராய்ந்து பக்கங்களின் ஒழுங்கைத் தீர்மானிப்பவர்.

முன்புற நிரலாளர்: எச்.ரி.எம்.எல்., சி.எஸ்.எஸ்., ஜாவாஸ்கிரிப்ட் ஆகியவற்றைக் கொண்டு திரையில் தோன்றும் பக்கத்தை ஆக்குபவர்.

பின்புற நிரலாளர்: தரவுத்தளம், தேடல், நுழைவுச்சீட்டு விற்பனை, நன்கொடை ஆகியவற்றை இயக்கும் நிரல்களை எழுதுபவர். பி.எச்.பி., பைத்தன் ஆகிய நிரல்மொழிகள் இங்கு பெரிதும் வேண்டப்படுகின்றன. வேர்ட்பிரஸ், ட்ரூபல், வாக்டெயில் ஆகிய உள்ளடக்க முகாமை மென்பொருள்கள் வழக்கில் உள்ளன. இவற்றுள் வாக்டெயில் முதலில் இலண்டன் றோயல் கலைக் கல்லூரிக்காக உருவாக்கப்பட்டது; 2014ஆம் ஆண்டு முதல் எவரும் இலவசமாகப் பயன்படுத்தத்தக்க திறந்த மென்பொருளாக உள்ளது.

இணைய உள்ளடக்க அலுவலர்: எழுத்து, படம், காணொளி ஆகியவற்றைத் தொகுத்து வெளியிடுபவர். நிரலறிவு சிறிதளவு இருப்பினும் போதும், எழுத்தாற்றல் முக்கியம்.

தொகுப்புத் தகவல் அலுவலர்: பொருட்பதிவுகளின் தரத்தைப் பேணி, அவற்றை இணையத்துக்கு ஏற்றவாறு ஒழுங்குபடுத்துபவர். அருங்காட்சியகப் பதிவுமுறைக்கு இந்நாட்டில் ஸ்பெக்ட்ரம் என்னும் தர ஒழுங்கு பின்பற்றப்படுகிறது. நூலகத்திலோ பதிவறையிலோ முன்னர் பணியாற்றியோருக்கு இப்பதவி பொருத்தமானது.

எல்லா நிறுவனங்களும் நிரலாளரை நேரடியாக நியமிப்பதில்லை என்பதையும் மனத்திற்கொள்ள வேண்டும். சிறிய அருங்காட்சியகத்தில் இவ்வேலைகள் யாவற்றையும் ஒருவரே செய்யக்கூடும். வேறு பல நிறுவனங்கள் தளத்தை அமைக்கும் பொறுப்பைத் தனியார் வடிவமைப்பு நிறுவனங்களிடம் ஒப்படைக்கின்றன. ஆகவே பண்பாட்டு நிறுவனங்களுக்காகத் தளம் அமைக்கும் அத்தகைய நிறுவனங்களுக்கும் விண்ணப்பிப்பது பயன் தரும்.

அணுகல்தன்மை: கட்டாயம் கற்க வேண்டிய பகுதி

விழிப்புலன் குறைந்தோர், செவிப்புலன் குறைந்தோர், கையால் சுட்டியை இயக்க இயலாதோர் ஆகியோரும் தளத்தைப் பயன்படுத்தக்கூடியதாக இருத்தலே அணுகல்தன்மை எனப்படுகிறது. பொதுத்துறை அமைப்புகளின் இணையத்தளங்களுக்கு இதனைக் கட்டாயமாக்கும் ஒழுங்குவிதிகள் 2018 செப்டெம்பர் 23ஆம் திகதி நடைமுறைக்கு வந்தன. அதற்கு முன்பிருந்த தளங்களுக்கு 2020 செப்டெம்பர் 23 வரை அவகாசம் அளிக்கப்பட்டது. உள்ளூராட்சி சபைகள் நடத்தும் அருங்காட்சியகங்களும் இவ்விதிகளுக்கு உட்பட்டவை. தொண்டு நிறுவனங்களாக இயங்கும் அருங்காட்சியகங்கள் சிலவற்றுக்கு இவ்விதிகளிலிருந்து விலக்கு இருப்பினும், 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் சேவை வழங்கும் எல்லா நிறுவனங்களையும் கட்டுப்படுத்தும். எனவே மாற்றுத்திறனாளிகளுக்கு நியாயமான ஏற்பாடுகளைச் செய்யும் கடமையிலிருந்து எந்த அருங்காட்சியகமும் முற்றாக விடுபட இயலாது.

பின்பற்றப்படும் தரநெறியின் 2.2ஆம் பதிப்பு 2023 ஒக்டோபர் மாதத்தில் வெளியானது. அதன் இடைநிலைத் தரத்தைப் பொதுத்துறைத் தளங்கள் எட்ட வேண்டும். அதன் நிபந்தனைகளுள் சில வருமாறு: வழமையான அளவுள்ள எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான நிற வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 என்ற விகிதத்தில் இருத்தல் வேண்டும். தகவல் தரும் ஒவ்வொரு படத்துக்கும் அதன் பொருளைக் கூறும் மாற்று எழுத்து இருத்தல் வேண்டும். பக்கத்திலுள்ள செயல்கள் யாவற்றையும் சுட்டியின்றி விசைப்பலகையாலேயே செய்யக்கூடியதாக இருத்தல் வேண்டும். காணொளிக்கு எழுத்துவடிவம் இருத்தல் வேண்டும்.

பெரும்பாலான வேலை விளம்பரங்களில் இவ்வறிவு அவசியத் தகைமையாகக் கேட்கப்படுகிறது. விண்ணப்பதாரர் தாம் முன்னர் அமைத்த ஒரு தளத்தை இந்நெறிப்படி சோதித்து, கண்ட குறைகளையும் அவற்றைத் திருத்திய முறையையும் விளக்கக்கூடியவராயின், அது பட்டச் சான்றிதழிலும் கூடுதலாக மதிக்கப்படும்.

தமிழறிவு எவ்வாறு துணைபுரியும்?

தமிழை அறிந்திருத்தல் தனியாக வேலை பெற்றுத் தராது. ஆனால் பல மொழி மக்கள் வாழும் நகரில், ஆங்கிலமல்லாத எழுத்து முறைகளைப் பிழையின்றிக் கையாளத் தெரிந்த நிரலாளர் குறைவு என்பதால், அது கூடுதற் பலமாக அமையும்.

பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்து பழகியோர் நம்மிடையே பலர். பாமினியில் எழுதப்பட்டது கணினியின் பார்வையில் ஆங்கில எழுத்துகளின் வரிசையே. எழுத்துரு நீங்கினால் தமிழும் நீங்கிவிடும். அதனைத் தேடுபொறி கண்டுகொள்ளாது. விழிப்புலன் குறைந்தோருக்கு உதவும் திரைவாசிப்பான் வாசிக்காது. ஒருங்குறியில் தமிழ் 1991ஆம் ஆண்டின் முதற்பதிப்பு முதலே இடம்பெற்றுள்ளது. பழைய எழுத்துருக்களில் உள்ள ஆவணங்களை ஒருங்குறிக்கு மாற்றத் தெரிந்திருப்பது ஆவணக் காப்பகங்களுக்கு நேரடியாகப் பயன்படும் திறனாகும்.

ஆங்கிலப் பக்கத்தின் நடுவே தமிழ்ப் பகுதி வருமாயின், அது தமிழ் என நிரலில் மொழிக்குறி இட வேண்டும். அவ்வாறு குறியிடாவிடின், திரைவாசிப்பான் அதனை ஆங்கிலமெனக் கொண்டு வாசிக்க முயன்று தடுமாறும். இது மேற்கூறிய தரநெறியின் நிபந்தனையுமாகும். தமிழ்ச் சொற்கள் நீண்டவை ஆதலால், ஆங்கிலத்துக்கு அளவெடுத்த பொத்தானுக்குள் அடங்காமல் உடைந்துவிடும். மேலும் கீழும் நீளும் எழுத்துகளுக்கு வரியிடைவெளியும் கூட்டப்பட வேண்டும். இவற்றை அறிந்தவர் வங்காளி, குஜராத்தி முதலிய மொழிகளின் பக்கங்களிலும் இத்தகைய பிழைகளை முன்கூட்டியே உணர்வார்.

பிரித்தானிய நூலகத்தில் 2004ஆம் ஆண்டு முதல் நடைபெற்றுவரும் அழிநிலை ஆவணத் திட்டம், தமிழ்நாட்டின் வேளாண்மை வரலாறு தொடர்பான ஆவணங்களையும் எண்ணிமப்படுத்த உதவியுள்ளது. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் இணையத்தில் பேணிவருகிறது. இத்தகைய முயற்சிகளில் தன்னார்வத் தொண்டராகப் பங்குபற்றுவோருக்கு, பதிவு, வகைப்படுத்தல், எண்ணிமப் பாதுகாப்பு ஆகியவற்றில் காட்டத்தக்க அனுபவம் கிடைக்கிறது.

விளம்பரங்களைத் தேடுதல்

அருங்காட்சியகப் பதவிகள் பொதுவான வேலைத்தளங்களில் எப்போதும் வெளிவருவதில்லை. அருங்காட்சியகச் சங்கம், தேசிய அருங்காட்சியகப் பணிப்பாளர் மன்றம், லெஸ்டர் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் வேலைப் பக்கங்களில் இவை தொகுத்து வெளியிடப்படுகின்றன. இங்கிலாந்துக் கலை மன்றமும் கலைத்துறை வேலைகளுக்கெனத் தனிப் பக்கம் நடத்துகிறது. தேசிய ஆவணக் காப்பகம் அரச திணைக்களம் ஆதலால், அதன் பதவிகள் அரச சேவை வேலைத்தளத்தில் வெளியாகும். உள்ளூராட்சி அருங்காட்சியகப் பதவிகளை அவ்வச் சபையின் வேலைப் பக்கத்திற் காணலாம்.

இத்துறையின் சம்பளம் பொதுவாக வங்கித்துறையிலும் குறைவு. ஆனால் ஓய்வூதியம், விடுமுறை, நெகிழ்வான வேலைநேரம் ஆகியவற்றையும் சேர்த்தே ஒப்பிட வேண்டும். உள்ளூராட்சி சபையில் நேரடியாகப் பணியாற்றுவோர் உள்ளூராட்சி ஓய்வூதியத் திட்டத்திற் சேர உரித்துடையோர்.

விண்ணப்பப் படிவம்

தகைமையுள்ளோர் பலர் நிராகரிக்கப்படுவது தகைமைக் குறைவினால் அன்று. படிவத்தை நிரப்பும் முறையினாலேயே. விளம்பரத்தோடு பதவிக்குரிய தகைமைப் பட்டியல் ஒன்று இணைக்கப்பட்டிருக்கும். அதில் அவசியமானவை, விரும்பத்தக்கவை என இரு பிரிவுகள் உண்டு. தெரிவுக் குழுவினர் ஒவ்வொரு தகைமைக்கும் புள்ளி இடுவர். எழுதப்படாத தகைமைக்குப் புள்ளி கிடையாது. பட்டத்தைக் கொண்டு அதனை ஊகித்துக்கொள்ளவும் மாட்டார்கள்.

ஆகவே பட்டியலின் வரிசைப்படியே ஒவ்வொன்றுக்கும் ஓர் எடுத்துக்காட்டுத் தர வேண்டும். அன்றைய நிலைமை, ஏற்ற பொறுப்பு, செய்த செயல், விளைந்த பயன் என்னும் நான்கும் அதில் அடங்க வேண்டும். “குழுவாக இணைந்து செய்தோம்” என்று எழுதுவது பணிவாகத் தோன்றினும், விண்ணப்பதாரர் தாமே செய்தது யாது என்பதைக் காட்டாது. கோயிலுக்கோ தமிழ்ப் பாடசாலைக்கோ ஊர்ச் சங்கத்துக்கோ ஊதியமின்றி அமைத்த இணையத்தளமும் தக்க எடுத்துக்காட்டே. அதன் முகவரியையும் நிரலின் இருப்பிடத்தையும் குறிப்பிடலாம். அதிலுள்ள தனியாள் விபரங்களையும் கடவுச்சொற்களையும் முன்கூட்டியே நீக்கிவிட வேண்டும். விஞ்ஞான அருங்காட்சியகக் குழுமம் தனது தொகுப்புத் தளத்தின் நிரலைப் பொதுவில் வெளியிட்டுள்ளது. நேர்முகத் தேர்வுக்கு முன் அத்தகைய நிரலைப் படித்துப் பார்ப்பது நற்பயன் தரும்.

வெளிநாட்டுப் பட்டம் பெற்றோர், அதற்கு இந்நாட்டில் நிகரான தரம் யாது என்பதை யூ.கே. இனிக் நிலையத்திடம் கட்டணம் செலுத்தி அறிக்கையாகப் பெறலாம். எல்லாப் பதவிகளுக்கும் இது வேண்டப்படுவதில்லை. விளம்பரத்தைப் பார்த்தபின் செலவிடுவதே உசிதம்.

ஒப்பந்தத்தில் கவனிக்க வேண்டியவை

பண்பாட்டு நிறுவனங்களின் எண்ணிமப் பணிகள் பல, மானியப் பணத்தில் நடப்பவை. மானியம் முடியும் நாளோடு பதவியும் முடியுமாறு ஓராண்டு, ஈராண்டு எனக் கால வரையறையுடன் நியமனம் வழங்கப்படுவது வழமை. வீட்டுக் கடனோ வாடகை ஒப்பந்தமோ எடுக்க எண்ணுவோர் இதனை முதலிலேயே கருத்திற் கொள்ள வேண்டும்.

எனினும் இத்தகைய ஊழியர் பாதுகாப்பு அற்றவர் அல்லர். 2002ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகளின்படி, தக்க காரணமின்றி அவரை நிரந்தர ஊழியரிலும் குறைவாக நடத்தலாகாது. அடுத்தடுத்த ஒப்பந்தங்களில் நான்கு ஆண்டுகள் இடைவிடாது பணியாற்றியவர், நிறுவனம் தகுந்த நியாயம் காட்டினாலன்றி, நிரந்தர ஊழியராகக் கருதப்படுவார். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விடுதலும் சட்டத்தின் பார்வையில் பணிநீக்கமே. வேலை இல்லாமற்போனதே அதற்குக் காரணமாயின், ஈராண்டு இடைவிடாச் சேவையுள்ளவர் ஆட்குறைப்புக் கொடுப்பனவு கோரலாம். ஆகையால் நியமனக் கடிதங்கள் யாவற்றையும் தேதி வரிசைப்படி பேணிவர வேண்டும். வேலை தொடங்கும் முதல் நாளிலேயே நிபந்தனைகளை எழுத்தில் பெறும் உரிமை 2020 ஏப்ரல் 6 முதல் எல்லாப் பணியாளருக்கும் உண்டு.

அனுபவத்துக்காக என்று கூறி ஊதியமின்றி வேலை வாங்குவது மற்றொரு பிரச்சினை. உயர்கல்வியின் பகுதியான ஓராண்டுக்கு உட்பட்ட பயிற்சி, வெறும் பார்வையாளராக இருத்தல், தொண்டு நிறுவனத்தில் உண்மையான தன்னார்வத் தொண்டு ஆகியன குறைந்தபட்ச ஊதியச் சட்டத்துக்குப் புறம்பானவை. ஆனால் குறித்த நேரத்துக்கு வருமாறு பணித்து, குறித்த வேலையை ஒப்படைத்து, பிரதியுபகாரமும் வாக்களித்துவிட்டுத் தன்னார்வம் என்று பெயரிடுவதால் மட்டும் ஊதியக் கடமை நீங்கிவிடாது.

படைப்புரிமையிலும் வேறுபாடு உண்டு. ஊழியராகப் பணியின்போது எழுதிய நிரலுக்கும் வரைந்த வடிவமைப்புக்கும், மாறாக உடன்பாடு இல்லாதவிடத்து, வேலை வழங்குநரே முதல் உரிமையாளர் என்கிறது 1988ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம். சுயதொழில் செய்பவராயின், எழுத்து மூலம் மாற்றிக் கொடுத்தாலன்றி உரிமை அவரிடமே இருக்கும். கையொப்பமிடுமுன் இவ்வாசகத்தை வாசித்தறிதல் அவசியம்.

வேலை செய்யும் உரிமை

வேலை வழங்குநர் ஒவ்வொரு விண்ணப்பதாரரின் வேலை உரிமையையும் நியமனத்துக்கு முன் சரிபார்ப்பார். பிரித்தானிய, ஐரிய குடிமக்கள் கடவுச்சீட்டைக் காட்டலாம். இணைய வழி குடிவரவு ஆவணம் உள்ளோர் அரச இணையத்தளத்தில் பகிர்வுக் குறியீட்டைப் பெற்றுக் கொடுக்க வேண்டும். அகதி அந்தஸ்துப் பெற்றோரும் நிரந்தர வதிவுரிமை உள்ளோரும் இப்பதவிகளுக்குத் தடையின்றி விண்ணப்பிக்கலாம்.

மாணவர் விசாவில் உள்ளோர் சுயதொழில் செய்ய அனுமதி இல்லை. நண்பருக்குப் பணம் பெற்று இணையத்தளம் அமைத்துக் கொடுப்பதும் சுயதொழிலாகக் கருதப்பட்டு, விசா நிபந்தனையை மீறியதாக முடியலாம். திறன்சார் பணியாளர் விசாவுக்கு 2025 ஜூலை 22 முதல் பொதுவான குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 41,700 பவுண்களாக உயர்த்தப்பட்டது. அருங்காட்சியகத் தொடக்கநிலைப் பதவிகள் பலவற்றின் சம்பளம் இத்தொகையை எட்டுவதில்லை ஆதலால், விசா ஆதரவை நம்பி மட்டும் இத்துறையைத் தெரிவு செய்தல் கூடாது. குடிவரவு விதிகள் அடிக்கடி மாறுவதால், விண்ணப்பிக்கும் நாளில் உள்ள விதியைச் சரிபார்க்க வேண்டும். உரிய அனுமதி பெறாதோர் தொழிலாகக் குடிவரவு ஆலோசனை வழங்குவது இந்நாட்டில் குற்றமாகும். பணம் கொடுக்குமுன், ஆலோசகர் சட்டத்தரணியா அல்லது குடிவரவு ஆலோசனை அதிகாரசபையில் பதிவு பெற்றவரா எனக் கேட்டறிய வேண்டும்.

பயிற்சியும் உதவியும்

இங்கிலாந்தின் தேசியத் தொழில்வழிகாட்டற் சேவை 0800 100 900 என்னும் இலக்கத்தில் இலவசமாக ஆலோசனை வழங்குகிறது. அரச நிதியில் நடைபெறும் கணினிப் பயிற்சிகளுள் தகுதியானது எது என்பதையும் அங்கு கேட்டறியலாம். தொழிற்பயிலுநர் நியமனத்துக்கு உயர்ந்தபட்ச வயது வரம்பு இல்லை என்பதால், நடுவயதினரும் விண்ணப்பிக்கலாம். ஒப்பந்தம், ஊதியம், பணிநீக்கம் தொடர்பான ஐயங்களுக்கு ஏகாஸ் அமைப்பை 0300 123 1100 என்னும் இலக்கத்தில் அழைக்கலாம். தொழில் நியாயசபைக்குச் செல்லுமுன்னும் முதலில் ஏகாஸ் அமைப்புக்கே அறிவிக்க வேண்டும். இதற்கான காலக்கெடு குறுகியது ஆதலால் தாமதித்தல் கூடாது.

தொடங்க விரும்புவோர் முதலில் செய்யக்கூடியவை மூன்று. அருகிலுள்ள அருங்காட்சியகத்தின் இணையத்தளத்தைச் சுட்டியைத் தொடாமல் விசைப்பலகையால் மட்டும் பயன்படுத்திப் பார்த்து, கண்ட குறைகளை எழுதிக்கொள்ளுதல். தமக்குத் தெரிந்த சங்கம் ஒன்றின் தளத்தை அத்தகைய குறைகள் இல்லாது திருத்தியமைத்தல். வெளிவந்துள்ள ஏதேனும் ஒரு விளம்பரத்தின் தகைமைப் பட்டியலை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் தம்மிடமுள்ள எடுத்துக்காட்டைப் பயிற்சியாக எழுதிப் பார்த்தல். எடுத்துக்காட்டு அமையாத தகைமை எதுவோ, அதுவே அடுத்துக் கற்க வேண்டியது.